வேதக்காரர் தொடங்கினார்கள், ஊர் எடுத்துக்கொண்டது

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருந்த செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தை 1855இல் மூடியவர்கள் அதன் எதிரிகள் அல்லர். முப்பது வருஷத்துக்கு மேலாக அதை நடத்திவந்த அமெரிக்க மிஷனே மூடியது. படிக்க ஆள் இல்லாமல் போகவில்லை, படிப்பும் கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் படிப்பு நன்றாக நடந்ததுதான் சிக்கலாகிப் போனது. பொஸ்டனில் இருந்த தலைமைச் சபை ஒரு தூதுக்குழுவை அனுப்பிக் கணக்குப் பார்த்தது. ஆங்கிலம் படித்த பையன்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், சபை ஊழியத்துக்கு வருகிறவர்கள் சொற்பம், வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். அப்படியென்றால் இந்தச் செலவு எதற்கு என்ற கேள்வி வந்தது. மூடிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. பட்டங்களை இரண்டு பேருக்குக் கொடுத்தது. ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் அந்த மூடப்பட்ட செமினரியின் பிள்ளைகள். தாமோதரம்பிள்ளை பிறகு 1868இல் தொல்காப்பியச் சேனாவரையத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்ததும் இறந்ததும் சைவராக.

கிறிஸ்தவத்தால் யாழ்ப்பாணத்துக்கு என்ன நன்மை என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். பாதிரிமார் வராவிட்டால் நமக்கு ஒன்றுமே இருந்திராது என்பது ஒரு கட்சி. எல்லாம் மதம் மாற்றப் போட்ட தூண்டில் என்பது மற்றக் கட்சி. முதற்கட்சி திண்ணைப் பள்ளிக்கூடங்களையும் நாட்டு வைத்தியரான பரியாரிமாரையும் வாக்கிய பஞ்சாங்கக்காரரையும் மறந்துவிடுகிறது. இரண்டாவது கட்சி சொல்வதில் உண்மை இருக்கிறது, தூண்டில்தான். ஆனால் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விட்டதே, அதை யார் கணக்கில் எடுப்பது? என் எண்ணத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி அந்த இரைதான். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரி ஆகிய மூன்றையும் மிஷன் தன் காரியத்துக்காகக் கொண்டுவந்தது. ஊர் அவற்றைத் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. இருநூறு வருஷத்துக்குப் பிறகும் யாழ்ப்பாண மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் இரண்டு பேர்கூட இல்லை என்பதை வைத்துப் பார்த்தாலே இது விளங்கும்.

இந்த மண்ணுக்கு முதலில் வந்த கிறிஸ்தவம் இப்படி வரவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்துக் கோயில்களை இடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடைசெய்து தங்கள் சீர்திருத்த சபையை நிறுத்தினார்கள். ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தன. பிள்ளை வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும், கல்யாணமும் கோயிற் பதிவில் ஏற வேண்டும். சனமும் வெளியே வேதக்காரராகவும் வீட்டுக்குள்ளே சைவராகவும் காலத்தை ஓட்டியது. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். கட்டாயம் தளர்ந்ததும் அந்தச் சபையே கரைந்து போயிற்று. அதிகாரத்தோடு வந்த மதம் அதிகாரத்தோடு போய்விட்டது. ஒல்லாந்தர் விட்டுப்போனவற்றில் நின்றவை தோம்புகள் என்ற காணிப் பதிவேடுகளும் தேசவழமைச் சட்டத் தொகுப்பும்தான். அவையும் ஒல்லாந்தரின் வணிகக் கம்பனியின் வேலை, சபையின் வேலை அல்ல.

அதே ஒல்லாந்தர் காலத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு கதை நடந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரர் வேஷத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பிடிபட்டால் ஆபத்து என்ற நிலை. சில்லாலைக் கத்தோலிக்கர் அவரை மறைத்து வைத்தார்கள். பிறகு கண்டிக்குப் போய், அங்கே அம்மை நோய் பரவி ஊரே ஓடியபோது நோயாளிகளை எடுத்துப் பார்த்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். துன்புறுத்தப்பட்ட அந்தக் கத்தோலிக்கம் பிழைத்தது. அரசாங்கம் வளர்த்த சீர்திருத்த சபை பிழைக்கவில்லை.

அமெரிக்கர்கள் 1816இல் வந்ததே ஒரு தற்செயல். அவர்களுக்கு இந்தியாவில்தான் கண். கிழக்கிந்தியக் கம்பனிக்கு மிஷனரிமாரைப் பிடிக்காது, அதிலும் 1812இல் பிரித்தானியாவோடு போருக்குப் போன நாட்டாரை நம்ப அதற்கு என்ன தேவை? இலங்கையில் தேசாதிபதி பிரவுன்றிக் இடம் கொடுத்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரை விழுந்து கிடந்த பழைய கோயில்களையும் வளவுகளையும் திருத்திக்கொண்டு குடியேறினார்கள். பிறகு பதவிக்கு வந்த பார்ன்ஸ் இவர்களை விரும்பவில்லை. 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரட் வந்து இறங்கியபோது, நாட்டை விட்டுப் போ என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் புதிய அமெரிக்க மிஷனரி ஒருவரையும் உள்ளே விடவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இவர்களிடம் அதிகாரம் இருக்கவில்லை. தண்டம் போட முடியாது, உத்தியோகம் கொடுக்க முடியாது. சனத்துக்கு வேண்டிய எதையாவது கொண்டுவந்து கெஞ்சித்தான் ஆளைச் சேர்க்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது படிப்பிக்க ஆள் வேண்டும், கிடைத்தவர்கள் பெரும்பாலும் சைவ வாத்திமார். திருநீறு பூசிய வாத்தியார் வேதப்புத்தகம் படிப்பித்தார், சம்பளம் மிஷன் கொடுத்தது. விடுதிப் பள்ளியில் சேர்ந்த பையன்கள் பாதிரியின் வளவுக்குள் சமைத்ததை உண்ண மாட்டோம் என்றார்கள். சரி என்று பக்கத்துச் சைவக்காரரின் காணியில் சமையற்கட்டு போட்டுக் கொடுத்தார்கள். பேரம் இப்படித்தான் நடந்தது, கடைசிவரை.

பெயர் விஷயத்திலும் ஒரு பேரம் உண்டு. பிள்ளை ஒன்றின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், ஆர்னல்ட், நெவின்ஸ் என்று வட்டுக்கோட்டைக் கமக்காரரின் பிள்ளைகளுக்கு நியூ இங்கிலாந்துப் பெயர்கள் வந்தது அப்படித்தான். நல்லவேளை, பலர் பின்னால் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

செமினரி 1823இல் தொடங்கியது. முதல்வர் டானியல் பூர். கணிதம், வானசாத்திரம், தர்க்கம், ஆங்கிலம் என்று வரிசையாகப் படிப்பித்தார்கள். குறளும் நன்னூலும் அதே பாடத்திட்டத்தில் இருந்தன, சமஸ்கிருதமும் இருந்தது. 1850இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சேர்த்து வைக்கத் தக்கது என்று எழுதினார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அங்கே படித்தவர்கள் தமிழில் என்ன எழுதினார்கள் என்பது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் எழுதினார், தர்க்க நூல். விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் எழுதினார், அட்சரகணித நூல். ஆங்கிலம் வழியாக உள்ளே வந்த அறிவு அடுத்த தலைமுறைக்குள்ளேயே தமிழ்ப் புத்தகமாக வெளியே வந்துவிட்டது.

1829இல் ஒரு சந்திர கிரகணம் பெரிய கதையாகிவிட்டது. அராலி விசுவநாத சாஸ்திரியார் பெயர்பெற்ற பஞ்சாங்கக்காரர். கிரகணம் தொடங்கும் நேரத்திலும் மறையும் அளவிலும் அவர் கணித்ததும் பாதிரியார் பூர் ஐயர் கணித்ததும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு பார்த்தபோது செமினரியின் கணக்குச் சரியாக வந்தது. மிஷன் அறிக்கைகள் இதை அஞ்ஞானத்தை வென்ற கதையாக எழுதிக்கொண்டன. எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே தெரிகிறது. சாஸ்திரியாரின் கணக்குச் சில நிமிடங்கள்தான் பிசகியது. தொலைநோக்கி இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்டப் போயிருக்கிறார். இதை மிஷன்காரருக்குள்ளேயே ஒருவர் மதித்தார். பூருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன், உள்ளமுடையான் என்ற தமிழ்ச் சோதிட நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, குறிப்புகளோடு 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார்.

அச்சுக்கூடத்துக்கு வருவோம். பார்ன்ஸின் தடை நீங்கி, 1834இல் மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் ஓடத் தொடங்கியது. துண்டுப்பிரசுரம் அடிக்கத்தான் அது வந்தது, அதை ஆயிரக்கணக்கில் அடித்தது. அந்தப் பிரசுரங்களை இன்று யார் படிக்கிறார்கள்? ஆனால் 1841 ஜனவரி 7இல் அங்கிருந்து உதயதாரகை வந்தது. தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கமாக வந்த பத்திரிகை. முதல் ஆசிரியர்கள் செமினரியில் படித்த இரண்டு தமிழர்கள். செய்தி, விஞ்ஞானம், கமம், மருத்துவம், வாசகர் சண்டை எல்லாம் அதில் வந்தன. சைவத்தைத் தாக்கியும் எழுதினார்கள், அதற்கு மறுப்பும் வந்தது. அடுத்த வருஷம், 1842இல், உடுவில் சந்திரசேகர பண்டிதர் தொகுத்த யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது, 58,500 சொல் அளவில். மானிப்பாய் அகராதி என்றும் சொல்வோம். நிகண்டைப் பாட்டாகப் பாடம்பண்ணி வைத்திருந்த சனத்துக்கு, அகரவரிசையில் புரட்டிப் பார்க்க ஒரு தமிழ்–தமிழ்ப் புத்தகம். நல்லூரில் ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிவைத்த தமிழ்–ஆங்கில அகராதி வேலையை மிரன் வின்சுலோ பெருக்கி 1862இல் சென்னையில் வெளியிட்டார், அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இருபதாம் நூற்றாண்டில் அதன் மேல்தான் எழும்பியது.

ஆறுமுக நாவலரை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. 1822இல் நல்லூரில் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே படிப்பித்தார், பீற்றர் பேர்சிவல் ஐயரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் நாவலர் வேலையை விட்டுவிட்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வைத்தீசுவரன் கோயிலில் பிரசங்கம், பாலபாடம், பெரியபுராண வசனம், சொந்த அச்சுக்கூடம். பிரசங்கம் என்ற வடிவமும் வகுப்புக்கு வகுப்பு பாடநூல் என்ற ஏற்பாடும் அச்சு யந்திரமும் எதிராளியிடம் கற்றவை. அவற்றைக்கொண்டே எதிராளியை மறித்தார். மிஷன் யாழ்ப்பாணத்துக்குச் செய்த நன்மைகளில் மிகப் பெரியது நாவலரை உண்டாக்கியதுதான் என்று சைவர் சிலர் பகிடியாகச் சொல்வதுண்டு. பகிடி என்றாலும் பொய்யில்லை. 1889இல் இந்துசாதனம் பத்திரிகை, அதற்குச் சற்று முந்திப் பிந்தி யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1913இல் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி என்று அந்த வரிசை நீண்டுபோயிற்று.

இந்தக் கதையில் எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். முதல் ஆள் அவரல்லர். ஜோன் ஸ்கடர் 1820 அளவிலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. கிறீன் வந்தது 1847இல், இருபத்தைந்து வயதில். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷம் மானிப்பாய். வந்த கையோடு பையன்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். செமினரிக்கு நடந்த அதே கதை. பொஸ்டன் சபை அதற்குக் கண்ட மருந்து பள்ளியை மூடுவது. கிறீனுக்கு வேறு யோசனை வந்தது. ஊரிலே தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் வேண்டுமென்றால், ஊரின் மொழியிலேயே மருத்துவம் படிப்பிக்க வேண்டும். 1864இல் தமிழில் வகுப்பைத் தொடங்கினார்.

புத்தகம்? இல்லை. ஆகவே செய்தார்கள். மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் வரிவரியாகப் பார்த்துத் திருத்தினார். பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்துவிட்டது. 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம். எல்லாம் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். கலைச்சொல்லுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. கலைச்சொற்களை அகரவரிசையில் தொகுத்தும் வைத்தார். இன்றைக்குக் கலைச்சொல் குழுக்கள் மாநாடு கூட்டிப் பேசுகிற விஷயத்தை ஒரு வைத்தியர் மானிப்பாயில் நோயாளி பார்க்கிற நேரத்துக்கு இடையில் செய்துகொண்டிருந்தார். மேல்நாட்டு மருத்துவத்தோடு நிற்காமல், நாட்டுச் சரக்குகளைப் பற்றிய நூலொன்றையும் தமிழாக்கினார்கள். வாந்திபேதி வந்தால் என்ன செய்வது என்று வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியில் சிறு பிரசுரங்களும் வந்தன.

கிறீனிடம் மருத்துவம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேல். தமிழில் படித்தவர்களில் பலர் ஊர்களிலேயே தங்கினார்கள். கிறீன் எதிர்பார்த்தது நடந்தது.

மதம் மாறுகிறவர்கள் தொப்பியும் கோட்டும் சப்பாத்தும் போட்டு வெள்ளைக்காரர் மாதிரித் திரிவது கிறீனுக்குப் பிடிக்காது. உடுப்பை மாற்றுவது நம் வேலை அல்ல என்று எழுதினார். கிறிஸ்தவனானாலும் தமிழன் தமிழனாகவே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. 1873இல் நாடு திரும்பினார், அங்கிருந்தும் புத்தக வேலையை விடவில்லை, 1884இல் இறந்தார். தாம் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார். அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் படிப்பித்தது, அரசாங்கத்தின் அங்கீகாரமும் அந்தப் பக்கமே போயிற்று. மானிப்பாய் ஆஸ்பத்திரி அவர் பெயரில் இன்றும் இருக்கிறது. புத்தகங்கள் நூலகங்களிலும் எண்ணிமச் சேகரங்களிலும் தூங்குகின்றன. தமிழில் மருத்துவம் படிப்பிக்க முடியுமா என்று இன்னும் விவாதம் நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பெண்களின் படிப்பில் மிஷனுக்கு முன்னால் போனவர்கள் யாருமில்லை என்று தயங்காமல் சொல்லலாம். 1824இல் ஹரியட் வின்சுலோ உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று உடுவிற்காரர் சொல்வார்கள், விட்டுவிடுவோம். தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. யன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த இரண்டு சிறுமிகள் பெருமழையில் அகப்பட்டு, இரவு பாதிரியார் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுவிட்டார்களாம். தகப்பனுக்குக் கோபம் வந்து, சோறு தின்றவள் இனி உங்களுடனேயே இருக்கட்டும் என்று விட்டுப் போனாராம். கதை எவ்வளவு உண்மையோ, நிலைமை அதுதான். பெண்பிள்ளையைப் படிக்க விட்டால் யார் கட்டுவான் என்பது பெற்றோரின் பயம். அதற்கும் மிஷன் பேரம் பேசியது. சாப்பாடு, உடுப்பு, முடித்துப் போகையில் சீதனமும் உண்டு என்றது. யாழ்ப்பாணத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள்!

1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அந்தப் பள்ளியை நடத்தினார். ஊர் திரும்பவேயில்லை. ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள், அவரிடம் படித்தவர்களின் எண்ணிக்கை அவ்வளவு. செமினரியில் படித்தவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மனைவி வேண்டும் என்ற ஆசை வந்தது, பயம் மெல்ல மெல்லக் கழன்றது. பிறகு வேம்படி, சுண்டிக்குளி, திருக்குடும்பக் கன்னியர் மடம் என்று பள்ளிகள் வந்தன. 1898இல் இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி, பெண்களுக்காகப் பெண் வைத்தியர்கள் நடத்தியது. ஆண் வைத்தியரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டிலேயே பிரசவத்தில் இறந்துபோன பெண்களின் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் அம்மம்மா தலைமுறை அறியும். அவர்கள் வாயில் ‘இணுவில் ஆஸ்பத்திரி’ என்றாலே பிள்ளைப்பேறு.

அந்த இணுவிலிலேயே ஒரு அசிங்கமும் நடந்தது. அங்கே வேலைசெய்ய 1896இல் வந்த கனடிய வைத்தியர் மேரி, வருமுன்பே ரட்ணம் என்ற தமிழரை மணம் முடித்திருந்தார். தமிழனைக் கட்டியவரை மிஷன் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. மேரி ரட்ணம் கொழும்புக்குப் போய்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், 1930இல் லங்கா மகிளா சமிதி என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார், 1958இல் மகசேசே விருது பெற்றார். எல்லாரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கித்தவர்கள் கல்யாணம் என்று வந்தபோது பின்வாங்கினார்கள்.

சாதியிலும் அப்படித்தான். பக்கத்துக் காணியில் சமையற்கட்டு போட்டுக் கொடுத்ததை மேலே சொன்னேன். புரட்டஸ்தாந்து சபைகளில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் வெள்ளாளர், சாதியைக் கோயில் வாசலில் கழற்றி வைக்கவில்லை. பேர்சிவல் ஐயர் தன் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் ஒருவனைச் சேர்த்தபோது மற்றப் பையன்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வெளியேறியவர்களைத் திருப்பி அழைக்க விட்டுக்கொடுத்த பள்ளிகளும் உண்டு. ஆனாலும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு எழுத்து எட்டிய முதல் வாசல்களில் மிஷன் பள்ளியும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. 1920களில் கதை சூடாகிறது. செமினரி இருந்த வளவிலேயே 1872இல் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் 1924இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள், பின்னால் அதுவே வாலிபர் காங்கிரஸ். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம், சமபோசனம் என்று நின்றார்கள். சம ஆசன உத்தரவு வந்தபோது சில இடங்களில் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள் என்றால் எதிர்ப்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தார், நன்றாகவும் நடத்தினார்.

இதுவரை பெரும்பாலும் அமெரிக்க மிஷனின் கதையையே சொல்லிவிட்டேன். பத்திரமாக ஆவணம் எழுதி வைத்தவர்கள் அவர்கள், அதனால் வந்த சாய்வு. எண்ணிக்கையில் கத்தோலிக்கரே அதிகம், குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவுப்பகுதி என்று கரையோரம் முழுவதும். வெள்ளாள ஊர்களின் கோயில் வீதிகளில் இரண்டாம் இடம் கிடைத்த கடற்றொழிலாளருக்குத் தங்கள் கோயிலே ஊரின் நடுவாக இருந்தது. கோயில் வாசலில் கூத்து ஆடினார்கள். எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, மூவிராசாக்கள், விடிய விடிய, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் பாட்டு. கூத்துக் கலைஞர் பூந்தான் யோசேப்புவின் குரலைக் கேட்க மதம் பார்த்துச் சனம் போகவில்லை. 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றத்தான் முதலில் எழுந்தது. யுத்த காலம் முழுவதும் நாடகமும் கூத்தும் கலைமுகம் இதழுமாக யாழ்ப்பாணத்தின் கலைக்கூடமாக நின்றது அந்த மன்றமே.

தமிழாராய்ச்சியில் இரண்டு சுவாமிமார் மறக்க முடியாதவர்கள். நல்லூர் ஞானப்பிரகாசர் (1875–1947) மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதினார். 1938 முதல் தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடும் ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார், முடிக்க ஆயுள் போதவில்லை. அந்த வழியில் தொடர்ந்த தாவீது அடிகளார், 1981இல் யாழ் நூலகம் எரிவதைப் பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து பார்த்து அதிர்ச்சியில் விழுந்து இறந்ததை இந்த ஊர் இன்னும் கதைக்கிறது. அந்த நூலகத்தைக் கட்டப் பணம் சேர்த்தவர்களில் முன்னே நின்ற ஒருவரும் அதே கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார், அயர்லாந்துக்காரர்.

மற்றவர் தனிநாயகம் அடிகள், ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்தவர். 1952இல் தமிழ்க் கலாசாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1974இல் நான்காவது யாழ்ப்பாணத்தில். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் வேதபாடத்தைப் பற்றியும், வத்திக்கானில் கிடந்த 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைப் பற்றியும் உலகுக்குச் சொன்னவர் அவர். குருவாக இருந்ததால் உரோமையின் கதவுகள் திறந்தன, திறந்த கதவுக்குள் போய் அவர் தேடியது தமிழை.

யுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், கட்டுரை தாங்காது. குண்டு விழும்போது சனம் ஓடிய இடங்கள் கோயில்கள், சைவக் கோயிலும் வேதக்கோயிலும். 1995 ஜூலை 9இல் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தவர்கள்மேல் விமானப்படை குண்டு வீசியது, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லா மதத்தவரும் அங்கே இருந்தார்கள். குருமார் சிலர் தங்கள் சனத்தை விட்டுப் போக மறுத்துக் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். சமைத்துப் போட்டது, கடிதம் எழுதிக் கொடுத்தது, காணாமற்போனவர்களைத் தேடித் தாய்மாரோடு முகாம் முகாமாக ஏறி இறங்கியது எல்லாம் எந்த அறிக்கையிலும் முழுதாக ஏறாது.

பள்ளிக்கூடங்களின் பெரும்பகுதி 1960–61இல் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. சைவப் பள்ளிகளும் போயின, மிஷன் பள்ளிகளும் போயின. வேம்படியும் மத்திய கல்லூரியும் பருத்தித்துறை ஹாட்லியும் அரசாங்கப் பள்ளிகளாயின. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர், சென். ஜோன்ஸ், சுண்டிக்குளி, பத்திரிசியார் போன்ற சில, கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக நிற்போம் என்று தனித்து நின்றன. நின்றதற்கு விலை கொடுத்தார்கள். கட்டணம் வாங்கக்கூடாது, அரசாங்கப் பணமும் வராது என்ற நிலையில் வருஷக்கணக்கில் வாத்திமாருக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். அப்போது கைகொடுத்தவர்கள் பழைய மாணவர்கள். இன்றும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இராப்போசனம் வைத்து, சீட்டு விற்று, ஆய்வுகூடத்துக்கும் விடுதிக் கூரைக்கும் பணம் சேர்த்து அனுப்புகின்றன. அந்தச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சைவப் பெயர்களே கூடுதலாக இருக்கும்.